மும்பைக் குளிர்காலம்: உங்கள் வட்டாரத்துக்கு நீங்களே அன்றாட வானிலை எழுதுவது எப்படி

மும்பையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நாளைய வானிலையைச் சொல்வது சுலபம். இன்று இருந்ததை அப்படியே நாளைக்கும் எழுதிவிட்டால் பெரும்பாலான நாட்களில் பலித்துவிடும். மழை கிடையாது, வானம் தெளிவு, பகலில் 31, விடியற்காலையில் 17. சொசைட்டி வாட்ஸாப் குழுவில் தினமும் வரும் வானிலைப் படங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மாறப்போகும் நாளை முந்தைய இரவே கண்டுபிடித்தால்தான் அந்த அறிவிப்பால் யாருக்காவது பயன். ஒரே இரவில் நாலு டிகிரி இறங்கும் நாள், மதியம் 35 தொடும் நாள், புகைமூட்டம் எழும்பாமல் கிடக்கும் நாள் ஆகியவைதான் அவை. மூன்றுக்கும் பொதுவான துப்பு காற்று.

முதலில், நீங்கள் பார்க்கும் எண் எங்கே எடுத்த எண் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறை மும்பைக்கு இரண்டு நிலையங்களின் அளவைத்தான் முதன்மையாகச் சொல்கிறது: கொலாபா, சாந்தாகுரூஸ். சென்னைக்காரர்களுக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் எப்படியோ இங்கே இவை அப்படி. ஆனால் குளிர்காலத்தில் இடைவெளி இங்கே பெரிது. கொலாபா மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை. ஜனவரியிலும் கடல்நீர் 25 டிகிரியை ஒட்டி இருப்பதால் இரவுக் காற்று அங்கே அதிகம் குளிர முடியாமல் திணறும். சாந்தாகுரூஸ் விமான நிலையத்தை ஒட்டியது, அங்கே தரை குளிர இடம் உண்டு. ஜனவரியில் சாந்தாகுரூஸின் இயல்பான குறைந்தபட்சம் ஏறக்குறைய 17, கொலாபாவில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் 7.4 பதிவானபோது கொலாபாவில் 11.7. ஒரே நகரம், ஒரே விடியல், நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆகவே "மும்பையில் இன்று இத்தனை டிகிரி" என்று நிலையத்தின் பெயரில்லாமல் வரும் செய்தியை வைத்து எதையும் எழுத வேண்டாம்.

இன்னொரு குழப்பம் நேரத்தால் வருவது. குறைந்தபட்சம் என்பது காலை 8:30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. அதிகபட்சம் மாலை 5:30 மணி அவதானிப்பில் அறிவிக்கப்படுவது. காலை நாளிதழில் இருக்கும் இரண்டுமே நேற்றைய எண்கள். அவற்றை இன்றைய அறிவிப்பாக நினைத்து ஸ்வெட்டர் எடுப்பவர்கள் ஏராளம்.

மொபைலில் தானாக வரும் வானிலைச் செயலி வேறு ரகம். அது காட்டுவது பெரும்பாலும் அளந்த எண் அல்ல, கணினி மாதிரியின் கணக்கு. அந்த மாதிரிகள் நாட்டைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. மும்பை ஒல்லியான நகரம். ஒரே கட்டத்துக்குள் பாதி கடல், பாதி ஊர் என்று அடங்கிவிடும். அதனால் விடியல் வெப்பநிலையைக் கூட்டியும் மதிய வெப்பநிலையைக் குறைத்தும் சொல்லும் பழக்கம் செயலிகளுக்கு உண்டு. எண்ணை நம்ப வேண்டாம், போக்கைப் பாருங்கள். நேற்றைவிட நாளை மூன்று டிகிரி குறைவு என்று செயலி சொன்னால் அந்த "மூன்று குறைவு" பெரும்பாலும் சரியாக இருக்கும்.

காற்றைப் படிப்பது

விமான நிலையங்கள் அரை மணிக்கொரு முறை வெளியிடும் மெட்டார் அறிக்கைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல இலவசக் கருவி. மும்பை விமான நிலையத்தின் குறியீடு வி ஏ பி பி. அந்த நான்கு எழுத்தோடு மெட்டார் என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும். பார்க்க மந்திரம் போல இருக்கும், ஆனால் நான்கு துண்டு தெரிந்தால் போதும்.

முதல் துண்டு ஆறு இலக்கம். 150130 என்றால் 15-ஆம் தேதி, உலகப் பொது நேரம் 01:30. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் காலை 7:00. கூட்ட மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அடுத்தது காற்று, ஐந்து இலக்கம். 05004 என்றால் 050 டிகிரி திசையிலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து, 4 நாட் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஐந்தும் பூஜ்யமாக இருந்தால் காற்றே இல்லை. திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது, எங்கே போகிறது என்பது அல்ல. மூன்றாவது, மீட்டரில் பார்வைத் தூரம், 2000 அல்லது 3000 என்று நான்கு இலக்கத்தில் இருக்கும். கடைசியாகச் சாய்கோடு போட்ட ஜோடி. 17/12 என்றால் வெப்பநிலை 17, பனிநிலை 12. காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை. இந்தக் கடைசி எண்தான் இரவுக் கணக்குக்குச் சாவி, கீழே வருகிறது.

குளிர்காலத்தின் சாதாரண நாளில் காற்று இப்படி நடந்துகொள்ளும். விடியலில் கிழக்கு அல்லது வடகிழக்கிலிருந்து மெல்லிய நிலக்காற்று. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, 11 மணியிலிருந்து 12 மணிக்குள் காற்று மேற்கு அல்லது வடமேற்குக்குத் திரும்பும். அதுதான் கடற்காற்று. அது வந்ததும் வெப்பநிலை ஏறுவது நின்றுவிடும். அன்றைய உச்சம் 30, 31-இல் அடங்கும்.

கடற்காற்று தாமதமானால் கதை மாறும். உள்நாட்டிலிருந்து வரும் கிழக்குக் காற்று பலமாக இருந்தால் மதியம் 2 மணிவரை கடற்காற்றால் உள்ளே நுழைய முடியாது. ஜனவரியிலும் 34, 35 ஆகிவிடும். ஆகவே காலை 10 மணி மெட்டாரில் காற்று இன்னும் 060 முதல் 100 வரையிலான திசையில், 8 நாட்டுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தால், அறிவிப்பிலுள்ள அதிகபட்சத்தோடு ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். விடியலில் 16, மதியம் 34 என்ற அகன்ற வித்தியாசம் இப்படித்தான் உண்டாகிறது. இருமலும் சளியும் வரும் நாட்கள் இவைதான். காலையில் போட்ட ஸ்வெட்டரை மதியம் லோக்கல் ரயிலில் கையில் சுமப்பதும் இதனால்தான்.

பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் பானை வைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஜனவரி நடுவில் மும்பையில் சூரியன் உதிப்பது காலை 7:15-ஐ ஒட்டி, சென்னையைவிட அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். அந்த நேரத்தில் காற்று வடகிழக்கு, கிழக்கு. அடுப்புக்கு மறைப்பை அந்தப் பக்கம் வையுங்கள். நண்பகலுக்குப் பிறகு பானை ஏற்றுபவர்கள் மேற்கே வைக்க வேண்டும்.

வடக்கே என்ன நடக்கிறது

குளிர் மும்பையில் உருவாவதில்லை, வடக்கிலிருந்து வாடையோடு வருகிறது. அதை அனுப்பிவைப்பது மேற்கத்திய இடையூறு. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயமலைப் பக்கம் வரும் காற்றுச் சுழற்சி அது. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: காஷ்மீரில் பனி கொட்டுகிறது என்ற செய்தி வரும் நாளில் மும்பை குளிராது. இடையூறு வந்துகொண்டிருக்கும்போது அதற்கு முன்னால் தெற்கு, தென்கிழக்குக் காற்று ஈரத்தோடு ஏறும். மும்பையின் இரவு அப்போது வழக்கத்தைவிடக் கதகதப்பாகும், மெல்லிய மேகம் வரும். இடையூறு கிழக்கே கடந்த பிறகுதான் அதன் பின்பக்கமாக வறண்ட வடக்குக் காற்று ராஜஸ்தான், குஜராத் வழியாக இறங்கும்.

பார்க்க வேண்டிய வரிசை: ராஜஸ்தான், பிறகு அகமதாபாத், பிறகு நாசிக். டெல்லியின் எண்ணை விட்டுவிடுங்கள். அங்கே மூடுபனியால் வரும் குளிருக்கும் நமக்கும் நேரடித் தொடர்பில்லை. அகமதாபாத்தின் குறைந்தபட்சம் ஒரே இரவில் மூன்று டிகிரி இறங்கினால் அடுத்த ஓரிரு நாளில் நம் முறை. நாசிக் 10-க்குக் கீழே போய், மும்பையிலும் காற்று வடக்காக இருந்தால், சாந்தாகுரூஸ் 15-ஐ ஒட்டி இறங்க நல்ல வாய்ப்பு. நாசிக் பக்கத்து நிபாட் இன்னும் கீழே போகும், செய்தித்தாள்களும் அதைப் பெரிதாகப் போடும். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு அது முக்கியம், மும்பைக் கணக்குக்கு நாசிக் போதும்.

விண்டி போன்ற காற்று வரைபடத் தளங்களில் தரைமட்டக் காற்றை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கடற்காற்றும் நிலக்காற்றும் கீழே விளையாடிக்கொண்டிருக்கும். உயரத்தை 925 ஹெக்டோபாஸ்கலுக்கு, அதாவது சுமார் 750 மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே குஜராத்திலிருந்து மும்பைவரை காற்று தொடர்ச்சியாக வடக்காக ஓடினால் குளிர் நிச்சயம் வரும். நடுவே கடல் பக்கமாக வளைந்து மேற்காக வந்தால் அந்தக் குளிர் அரபிக்கடலில் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

இரவு 9 மணிக் கணக்கு

அறிவிப்பை எழுத நல்ல நேரம் இரவு 9. மூன்றைப் பாருங்கள்: காற்றின் வேகம், மேகம், பனிநிலை.

காற்று 3 நாட்டுக்குள், வானம் துடைத்தது போல, பனிநிலை 10-ஐ ஒட்டி இருந்தால் அன்றிரவு தரை தாராளமாகக் குளிரும். வானிலைத் துறை சொன்ன குறைந்தபட்சத்திலிருந்து ஒரு டிகிரி குறைத்தே எழுதலாம். பனிநிலை 19, 20 என்றிருந்தால் செயலி 16 காட்டினாலும் நம்பாதீர்கள். வெப்பநிலை பனிநிலையைத் தொட்டதும் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும். அப்போது வெளிப்படும் வெப்பம் மேலும் குளிர்வதைத் தடுக்கும். அதனால் இரவுப் பனிநிலைக்கு ஓரிரு டிகிரிக்குக் கீழே விடியல் வெப்பநிலை போவது அரிது, காற்று திசை மாறினால் ஒழிய. மேகம் இருந்தாலும் அப்படித்தான், தரை இழக்கும் வெப்பத்தை அது திருப்பி அனுப்பிவிடும்.

வெப்பநிலையும் பனிநிலையும் இரவிலேயே ஒன்றை ஒன்று நெருங்கி, காற்றும் நின்றிருந்தால் மூடுபனிக்கு வாய்ப்பு. நகருக்குள் இது குறைவு. கர்ஜத், பத்லாபூர், கசாரா பக்கம் அதிகம். அங்கே பார்வைத் தூரம் குறைந்தால் மத்திய ரயில்வேயின் காலை லோக்கல்கள் தாமதமாகும், டோம்பிவிலியில் ஏறுகிறவருக்கும் அது வந்து சேரும். பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் மூடுபனி என்று பெயர். 2000, 3000 மீட்டரில் காலையில் வெளுப்பாகத் தெரிவது பெரும்பாலும் புகையும் புழுதியும். அதைப் படமெடுத்து "ஊட்டி மாதிரி இருக்கு" என்று ஸ்டேட்டஸ் போடுபவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

குறைந்தபட்சம் நிகழ்வது சூரிய உதயத்தை ஒட்டி, அதாவது 6:30-க்கும் 7:15-க்கும் நடுவில். மார்கழியில் நாலரை மணிக்கு மாதுங்கா கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அதைவிட ஒரு டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

உங்கள் வட்டாரத்துக்குத் திருத்துவது

தெளிந்த, காற்றில்லாத இரவுக்குச் சாந்தாகுரூஸ் எண்ணிலிருந்து தொடக்கக் கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம். இவை அனுபவ அளவுகள், அதிகாரபூர்வமானவை அல்ல.

- ஃபோர்ட், சர்ச்கேட், வொர்லி கடலோரம்: 2 முதல் 3 கூட்டுங்கள்.
- மாதுங்கா, சயான், தாராவி: அரை முதல் ஒன்று கூட்டுங்கள்.
- செம்பூர், கோவண்டி: அப்படியே வைக்கலாம்.
- ஆரே காலனி, போரிவலி கிழக்கு, முலுண்ட், பவாய்: 1 முதல் 2 குறையுங்கள்.
- டோம்பிவிலி, கல்யாண்: 1 முதல் 2 குறையுங்கள். பன்வேல் 2 முதல் 3.
- பத்லாபூர், கர்ஜத்: 3 முதல் 5.

காற்று 6 நாட்டுக்கு மேல் இருந்தாலோ மேகம் இருந்தாலோ இந்த வித்தியாசங்களைப் பாதியாக்குங்கள். காற்று எல்லா இடத்தையும் கலந்து ஒன்றாக்கிவிடும். கட்டடம் நெருங்கிய இடத்தில் சுவர்கள் பகல் சூட்டை இரவில் விடுவதால் குளிர் குறைகிறது. பூங்கா, காடு, வயல் பக்கம் அந்தத் தடை இல்லை. தகரக் கூரை வீடுகளில் வேறொரு சிக்கல். தெருவில் 18 இருந்தாலும் கூரைத் தகடு வானத்தைப் பார்த்து வேகமாகக் குளிர்ந்துவிடும், விடியலில் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியைவிடக் குளிராகத் தோன்றும். அங்கே இருப்பவர்களுக்கு எழுதும்போது எண்ணோடு இதையும் சொல்வது நல்லது.

இந்தக் கணக்கை உங்கள் இடத்துக்குச் செப்பனிட ஒரு வெப்பமானி வேண்டும். உச்சமும் தாழ்வும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் கருவி போதும். வடக்குப் பார்த்த ஜன்னலில், நேரடி வெயில் படாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். கிரில்லில் ஒட்டிக் கட்டினால் சுவரின் சூட்டை அளக்கும், விடியலில் இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டும். ஏசியின் வெளிப்பெட்டி அருகே கூடவே கூடாது. உயர்ந்த மாடியில் இருப்பவர்கள் கவனிக்க: காற்றில்லாத விடியலில் குளிர்ந்த காற்று கனமாகக் கீழே தேங்கும், மேலே போகப் போகக் கதகதப்பு. பதினெட்டாம் மாடியின் அளவை வைத்துக் கீழே நடைபயிற்சிக்குப் போகிறவர்களுக்கு வானிலை சொல்லாதீர்கள். பத்து நாள் உங்கள் அளவையும் சாந்தாகுரூஸ் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உங்கள் திருத்தம் எவ்வளவு என்று தெளிந்துவிடும். காற்றில்லாத இரவுகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

மாசு, மழை, எச்சரிக்கை

நல்ல குளிருக்கு வேண்டிய அதே காற்றில்லாத, தெளிந்த இரவுதான் மோசமான காற்றுக்கும் காரணம். கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் மூடிபோட்டது போல நிற்க, வண்டிப் புகையும் கட்டுமானப் புழுதியும் எழும்ப வழியில்லாமல் தெருமட்டத்தில் தேங்கும். மாசுக் குறியீடான ஏக்யூஐ பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. காலை 7 மணிக்குப் பார்க்கும் எண்ணில் நேற்று மதியத்துக் கடற்காற்றும் கலந்திருக்கும், அதனால் நிலைமையைக் குறைத்துக் காட்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தைத் திறந்து, பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவை மணிவாரியாகப் பாருங்கள். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் "மிதம்", 90 தாண்டினால் "மோசம்". எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் குப்பைமேடும் பக்கமிருக்கும் செம்பூர்வாசிகள் வேறு நிலையத்தின் எண்ணை எடுத்துக்கொள்ளவே கூடாது. காலை 6 மணி மெட்டாரில் காற்று பூஜ்யம், பார்வைத் தூரம் 2000-க்குக் கீழ் என்றால் நடைபயிற்சியை மாலை 4 மணிக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள். கடற்காற்று அதற்குள் கொஞ்சம் கூட்டிப் பெருக்கியிருக்கும்.

மழையைப் பற்றி அதிகம் வேண்டாம். டிசம்பரில் சென்னைக்கு மழை என்றால் மும்பைக்கும் என்று ஊரிலிருந்து போன் வரும், அப்படி இல்லை. செயலியில் 20 சதவீதம் மழை என்று வந்தால் தள்ளிவிடலாம். விதிவிலக்கு அரபிக்கடலில் தாழ்வுநிலை இருக்கும்போதுதான். 2017-இல் கன்னியாகுமரியைச் சூறையாடிய ஒக்கி புயல் வடக்கே நகர்ந்தபோது டிசம்பர் 5 அன்று மும்பைப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது.

"குளிர் அலை" என்ற சொல்லை நீங்களாக எழுதாதீர்கள். கடலோர நிலையத்துக்கு வானிலைத் துறையின் வரையறை: குறைந்தபட்சம் 15 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கவும் வேண்டும். சாந்தாகுரூஸின் ஜனவரி இயல்பு 17 என்றால் 12.5-க்கு வந்தால்தான் அந்தப் பேச்சே. 15-க்கு வந்ததும் குளிர் அலை என்று தலைப்புப் போடுவது பாதி வரையறையைப் படித்ததன் விளைவு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் திருத்தாமல், வெளியான நேரத்தோடு அப்படியே முன்னனுப்புங்கள். உங்கள் கணக்கு அங்கே வேண்டாம்.

எழுதும் முறை

ஐந்து வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. மாற்றத்தை முதல் வரியில் வையுங்கள். செம்பூருக்கு எழுதினால் இப்படி:

"நாளை விடியல் இன்றைவிட 3 டிகிரி குறையும், 14–15. வடக்குக் காற்று வந்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் இப்படித்தான். காலை 6–9 புகைமூட்டம், ஆஸ்துமாக்காரர்கள் மாலையில் நடக்கவும். கடற்காற்று 1 மணிக்கு மேல்தான், மதியம் 32–33. இட்லி மாவை இன்று ஆறு மணிக்கே அரைத்து வைத்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு அரைத்தால் காலையில் பொங்காது."

மாற்றம் இல்லாத நாளில் "நேற்று போலவே" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுங்கள். எண்ணை வீச்சாகவே எழுதுங்கள், 14.6 என்று தசமத்தில் எழுதினால் நாளைக்கு அதை வைத்தே கேள்வி வரும். மறுநாள் உண்மையான அளவைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிழை சில நாள் கூட, சில நாள் குறைய என்று வந்தால் பரவாயில்லை. தொடர்ந்து ஒரே பக்கமாக வந்தால் உங்கள் வட்டாரத் திருத்தம் தப்பு, அல்லது வெப்பமானி இருக்கும் இடம் தப்பு. மாதக் கடைசியில் "இன்று போலவே நாளை" என்று எழுதியிருந்தால் பிழை எவ்வளவு வந்திருக்கும் என்றும் கணக்குப் போடுங்கள். அதைவிட உங்கள் பிழை குறைவாக இருந்தால்தான் உழைப்புக்குப் பலன்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தோடு இந்தக் கணக்கை நிறுத்திக்கொள்ளலாம். வெயில் உயர்ந்துவிடும், இரவைவிட மதியம் முக்கியமாகும். அப்போது கிழக்குக் காற்று பலத்துக் கடற்காற்று தாமதமானால் 37-ஐத் தொட்டுவிடும். இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் கடலோரத்துக்கு அதுதான் வெப்ப அலையின் வரையறை. இரவு 9 மணிக்குப் பதில் காலை 10 மணி மெட்டாரைப் பார்த்து எழுதத் தொடங்குங்கள்.